வீடு வாங்கி வாடகைக்கு விடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் கீழும் மாடியுமாக மூன்று போர்ஷன், சொந்த ஊரில் ரோட்டோரமாக ஒரு கடை. என் சாம்ராஜ்யம் இவ்வளவுதான். பதினேழு வருடமாக வாடகை வாங்குகிறேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் வாடகை கொடுத்தேன், ஆகவே இரண்டு பக்கத்துப் புலம்பலும் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஆபீஸ் டீக்கடையிலும் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உரியவை.

கையில் 15 லட்சம் இருக்கிறது. 60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட், மீதிக்கு லோன். வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். கட்டுமா?

கட்டாது. 45 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 39,000 ரூபாய். 60 லட்சத்துக்குப் புறநகரில் கிடைக்கிற இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு 16,000 ரூபாய் வாடகை வந்தால் நல்ல வாடகை. பாக்கி 23,000 மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

அதற்கும் முன்னால், 15 லட்சம் போதாது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். இந்த மாதிரித் தொகைக்கு வங்கி பத்திரச் செலவைக் கடனில் சேர்க்காது. 30 லட்சத்திலிருந்து 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற உச்சவரம்பே சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான். வக்கீல், புரோக்கர், கதவுக்குக் கிரில், கொசுவலை, ஃபேன், டியூப்லைட் எல்லாம் சேர்த்து 66 லட்சம் போட்டிருப்பீர்கள்.

வருட வாடகை 1,92,000. சொத்து வரி 6,000, பெயின்டிங்கும் ரிப்பேரும் சராசரியாக வருடத்துக்கு 12,000, வீடு காலியாகக் கிடக்கிற ஒரு மாதத்துக்கு 16,000 கழியுங்கள். கையில் நிற்பது 1,58,000. போட்ட பணத்தில் 2.4 சதவீதம். அதே பணத்தை வங்கியில் எஃப்.டி. போட்டால் இதைப்போல இரண்டரை மடங்கு வரும், நடுராத்திரியில் மோட்டார் ஓடவில்லை என்று யாரும் போனும் பண்ண மாட்டார்கள்.

அப்படியானால் வாங்கவே வேண்டாம் என்கிறீர்களா?

வாடகையை நம்பி மட்டும் வாங்காதீர்கள் என்கிறேன். நம் ஊரில் லாபம் மண்ணின் விலையேற்றத்தில் வருகிறது. வாடகை அதுவரை சொத்தைக் காத்துக்கொள்ள உதவுகிற வரும்படி. ஆகவே ஃபிளாட் வாங்கும்போது எத்தனை சதுர அடி கட்டடம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், யுடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அடியில் இருக்கிற நிலத்தில் உங்களுக்கு வருகிற பிரிபடாத பாகம் அது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஒருவர் 550 சதுர அடி தருவார், எட்டு மாடி கட்டியவர் 250 தருவார். கட்டடத்துக்கு வயதாகும், நிலத்துக்கு ஆகாது.

என்னைக் கேட்டால், முடிந்தவர்கள் சின்ன மனை வாங்கி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மாடியில் போர்ஷன் எடுத்து விடுவதுதான் முதல் அடிக்கு நல்லது. மாடி கட்டுகிற செலவில் நிலத்தின் விலை சேராததால் போட்ட காசுக்கு வாடகை நன்றாகவே நிற்கும். வாடகைதாரரும் கண்ணெதிரே இருப்பார். அது நன்மையா தொல்லையா என்பது உங்கள் குணத்தைப் பொறுத்தது.

இடம் பார்க்கப் போகும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மழையில் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் வடிய நாள் கணக்காயிற்று. மழைக்காலம் வரை பொறுக்க முடியாதென்றால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். பெயின்ட்டுக்குக் கீழே ஒரே மட்டத்தில் பழுப்புக் கோடு ஓடினால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அவருக்கு விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுவார்.

அப்படியே கோடையில் போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறதா, லாரித் தண்ணீரா என்றும் கேட்டுவிடுங்கள். குடிவருகிறவர் கேட்கிற முதல் கேள்வியே தண்ணீர்தான்.

பத்திரத்தில் என்னென்ன பார்ப்பது? வில்லங்கச் சான்று போட்டால் போதாதா?

போதாது. ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டுகிற பட்டியல் அது. பதிவுத்துறை இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம், குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் பதிவானது மட்டும்தான் அதில் வரும். வராத வில்லங்கம்தான் ஆளைக் கொல்லும்: பதியாத உயில், கோர்ட்டில் நடக்கிற பாகப்பிரிவினை வழக்கு, கையெழுத்துப் போடாத வாரிசு.

வாரிசு விஷயத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். விற்கிறவர், "அப்பா சொத்து சார், நாங்க ரெண்டு அண்ணன் தம்பி" என்பார். அக்கா தங்கை எத்தனை பேர் என்று அடுத்த கேள்வியை உடனே கேளுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்தியது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு. "அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு" என்பது கோர்ட்டில் செல்லாது. வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பத்திரத்தில் ஒரு கையெழுத்தோ, தன் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று விரல் வைத்து ஒப்பிடுங்கள். நான் வாங்கப் பார்த்த ஒரு இடத்தில் ஐந்து பெயர் இருந்தது, கையெழுத்து நான்குதான். ஐந்தாவது பெயருக்குரிய அம்மாள் பெங்களூரில் இருந்தார், விற்பனை நடப்பதே அவருக்குத் தெரியாது. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காததால் தப்பித்தேன்.

பிறகு மூலப் பத்திரம் தொடங்கி இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, பத்திரத்தில் சொன்ன சர்வே எண்ணும் பட்டாவின் சர்வே எண்ணும் புல வரைபடமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பட்டாவும் வரைபடமும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். உரிமையாளர் தன் சார்பில் விற்க அதிகாரம் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து ஒருவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று நேரில் உறுதி செய்யுங்கள். நிலத்தின் பழைய வகைப்பாடு புறம்போக்கா, கோயில் நிலமா, நீர்நிலையா என்பதை வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேடு சொல்லும்.

இதையெல்லாம் நீங்களே பார்த்த பிறகும் ஒரு வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். புரோக்கர் காட்டுகிற வக்கீலிடம் போகாமல் உங்கள் வக்கீலிடம் போங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" மனை விலை குறைவாக வருகிறதே?

குறைவாகத்தான் வரும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை அதற்கு ஈடாகாது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியில்லாத மனைகளைப் பதிவதற்குத் தடை போட்டபோது ஊரே அல்லாடியது. அடுத்த வருடம் அனுமதியில்லாத மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறைத் திட்டம் வந்து பழைய மனைகளுக்கு வழி பிறந்தது. வரன்முறை ஆகாத மனையை வங்கி தொடாது, நாளைக்கு வீடு கட்டப் பிளான் அப்ரூவலும் கிடைக்காது. புதிதாகக் கட்டுகிற பெரிய அடுக்குமாடித் திட்டமென்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

விலையில் ஒரு பங்கைப் பணமாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். நீங்கள் கொடுக்கிறவர்தானே என்று நினைக்காதீர்கள். பத்திரத்தில் குறைவாகக் காட்டிய விலைதான் நாளை நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்முதல் விலையாக நிற்கும், அந்த வித்தியாசத்துக்கு வரி கட்டுவது நீங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அட்வான்ஸ் எத்தனை மாதம் வாங்கலாம்?

சென்னையில் பத்து மாத வாடகை என்பது தாத்தா காலத்துப் பழக்கம். சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதபட்சம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. "வேறு மாதிரி ஒப்பந்தம்" என்ற அந்த ஒரு வாசலில்தான் பத்து மாதம் இன்னும் நுழைந்துகொண்டிருக்கிறது.

நான் மூன்று மாதம்தான் வாங்குகிறேன். தர்மசிந்தனை என்று நினைத்துவிடாதீர்கள். முதல் முறை ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் வாங்கி, அதில் மாடிக்குக் கிரானைட் போட்டேன். எட்டாவது மாதம் அந்த வாடகைதாரருக்குக் கோவைக்கு மாற்றல். "அடுத்த ஆள் வரட்டும், தந்துடறேன்" என்று அவரிடம் சொன்ன அன்று, நான் வாடகைக்கு இருந்த காலத்தில் இதே வார்த்தையை என்னிடம் சொன்ன வீட்டுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்கிறது சட்டம். அது உங்கள் பணமில்லை, அடுத்தவர் பணம் உங்களிடம் இருக்கிறது. தனியாக ஒரு எஃப்.டி. போட்டு வையுங்கள்.

20 ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாத அக்ரிமென்ட் எழுதினால் போதும் என்கிறார்களே?

அது பழைய கதை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்கத்தான் பதினொரு மாதம் என்ற வித்தை வந்தது. 2019-க்குப் பிறகு எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது, பதிந்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். வாடகை அதிகாரிக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கும் மேல் தீர்ப்பாயம். பதியாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே போனால் உங்கள் பேச்சுக்கு வலு இருக்காது.

அக்ரிமென்டில் என்ன எழுதுவது? ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறதே.

கிடைக்கிறது. "மேற்படி கட்டடத்தை மேற்படியார்" என்று மூன்று பக்கம் ஓடும், சண்டை வருகிற இடம் ஒன்றுகூட அதில் இருக்காது. இரண்டு பேரும் சிரித்த முகமாக காபி குடித்துக்கொண்டிருக்கிற அன்றைக்கே கசப்பானதை எழுதிவிடுங்கள்.

வாடகை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு. வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும். தண்ணீர் லாரிக்கு யார் காசு. மெயின்டெனன்ஸ் யார் தலையில். காலி செய்ய இரு தரப்பும் எத்தனை மாத நோட்டீஸ். எத்தனை பேர் தங்குவார்கள், வண்டி எத்தனை, எங்கே நிற்கும். வெளியாளுக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது.

பெயின்டிங்கைப் பற்றித் தனியாக எழுதுங்கள். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடித்துக்கொள்வது நம் பழக்கம். சட்டத்தின் அட்டவணையோ, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் வேலை என்கிறது. வயரிங்கும் பைப் மாற்றுவதும் அவர் கணக்கில்தான். குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கெட், கீசர் ரிப்பேர், உடைந்த கண்ணாடி, அடைத்த சாக்கடை எல்லாம் குடியிருப்பவருக்கு. வேறு மாதிரி வேண்டுமானால் முன்கூட்டியே எழுதி இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுதாமல் கடைசி நாளில் பிடித்தால் அந்த நாளின் சண்டை உங்களால் வந்தது.

கூடவே ஒரு சாமான் பட்டியல்: ஃபேன் நான்கு, டியூப்லைட் ஆறு, கீசர் ஒன்று, சாவி மூன்று. சாவி கொடுக்கிற அன்று வாசலில் தொடங்கி பின்கட்டு வரை ஒரே வீடியோவாக எடுத்து, அதே நிமிடம் அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவேன். கடைசியில் ஈ.பி. மீட்டரின் ரீடிங். இந்த நான்கு நிமிட வீடியோ எனக்கு மிச்சப்படுத்திய வாய்ச்சண்டைக்குக் கணக்கில்லை.

யாருக்கு விடலாம்? பேச்சிலர் வேண்டாம், அசைவம் வேண்டாம் என்று போர்டு போடலாமா?

போடுகிறார்கள். "சைவம் மட்டும்" என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் சாதியும் மதமும் ஒளிந்திருப்பது போர்டு எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. காசுக் கணக்காகப் பார்த்தாலும் நஷ்டம்தான்: பத்துப் பேரில் எட்டுப் பேரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினால் வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும். என் வீட்டில் வாடகையை ஒரு நாள்கூடத் தள்ளாமல் கொடுத்தவர்கள் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த நான்கு பையன்கள். ஏழு மாதம் இழுத்தடித்தவர் நெற்றி நிறைய விபூதியோடு வந்த குடும்பஸ்தர்.

நான் பார்ப்பது மூன்று. வாடகை அவருடைய மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குமா. எங்கே வேலை. இதற்கு முன் இருந்த வீட்டுக்காரர் என்ன சொல்கிறார். மூன்றாவதில் ஒரு சூட்சுமம்: இப்போது இருக்கிற வீட்டுக்காரரைக் கேட்காதீர்கள், அவர் ஆளைக் கிளப்பிவிடும் அவசரத்தில் தங்கமான மனுஷன் என்பார். அதற்கும் முந்தைய வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஆதார் நகலை வாங்கி, காவல் நிலையத்தில் வாடகைதாரர் விவரத்தையும் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட்டுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட் பத்து ரூபாய் வாங்கலாமா?

பரவலாக நடக்கிறது, நியாயம் இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்குப் போகும், பில்லும் அவரே கட்டிக்கொள்வார். எல்லாரும் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் கூடக் கூட அதிகக் கட்டண ஸ்லாபுக்கு ஏறி அத்தனை பேருக்கும் செலவு. தனி மீட்டருக்கு ஒரு முறை செலவழியுங்கள். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது, வாடகைதாரர் தன் ஆதாரை இணைத்தால் வீடே அவர் பெயருக்குப் போய்விடும் என்று எங்கள் தெருவில் ஒரு பீதி. அப்படியெல்லாம் போகாது.

மாடிப் போர்ஷனில் பியூட்டி பார்லரோ தையல் கடையோ வைத்தால் மட்டும் உஷார். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியம் அபராதம் போடும், அது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

மாத வாடகைக்குப் பதில் லீஸுக்கு விட்டால் மொத்தமாகப் பணம் கிடைக்குமே?

தெற்கே ஒத்தி, சில ஊர்களில் போக்கியம், சென்னையில் லீஸ். எட்டு லட்சமோ பத்து லட்சமோ வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்க விடுவது, முடிவில் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுப்பது.

இதற்கு ஒரே சோதனைதான். அந்தப் பத்து லட்சத்தை எங்கே வைக்கப் போகிறீர்கள்? கழுத்தை நெரிக்கிற வட்டிக் கடனை அடைக்கப் போகிறீர்களென்றால் அர்த்தம் உண்டு. மகள் கல்யாணத்துக்கு என்றால் மூன்று வருடம் கழித்துத் திருப்ப வழி என்ன? அடுத்த லீஸ்காரரிடம் வாங்கி இவருக்குக் கொடுப்பது, பிறகு அவருக்கு அடுத்தவர். வீடு உங்களுடையது, குடியிருப்பது எப்போதும் யாரோ. இப்படிப் பதினைந்து வருடமாகச் சொந்த வீட்டுக்குள் கால் வைக்க முடியாதவரை எனக்குத் தெரியும். வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிற வீட்டை லீஸுக்கு விடுவது இன்னும் மோசம்: தவணை தவறி வங்கி வந்து நின்றால் லீஸ்காரர் தெருவில் நிற்பார். எதுவானாலும் பணம் வங்கி வழியாக வரட்டும், பத்திரம் பதிவாகட்டும்.

இரண்டு மாதமாக வாடகை வரவில்லை. என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாதது. தண்ணீரை நிறுத்தாதீர்கள், ஃபியூஸைப் பிடுங்காதீர்கள், அவர் இல்லாதபோது பூட்டை உடைக்காதீர்கள். அத்தியாவசியச் சேவையை நிறுத்துவதைச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்த வழக்கு அந்த நிமிடமே கட்சி மாறிவிடும். வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டுமென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான்.

ஐந்தாம் தேதி வரவில்லையென்றால் ஆறாம் தேதியே ஒரு வாட்ஸ்அப், மரியாதையாக. "பரவாயில்லை, மெதுவா கொடுங்க" என்று வாயால் சொன்னது மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எதிராக வரும். இரண்டு மாதப் பாக்கி சேர்ந்தால் வக்கீல் மூலம் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்டால் அவர் இருக்கலாம். கட்டாவிட்டால் காலி செய்ய உத்தரவு கேட்டு வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். போவதற்கு முன்னால் ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஏழு மாதம் இழுத்தவரிடம் நான் கடைசியில், பாக்கியில் பாதியைத் தள்ளிவிடுகிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சாவியைக் கொடுங்கள் என்றேன். கொடுத்துவிட்டார். கௌரவம் பார்த்து வழக்குப் போட்டிருந்தால் அந்தப் பாதியை வக்கீலுக்குக் கொடுத்திருப்பேன்.

பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடுமாமே?

ஆகாது. பன்னிரண்டு வருட எதிரிடை அனுபவம் என்பது உரிமையாளரின் அனுமதியில்லாமல், அவருக்கு எதிராக, வெளிப்படையாக அனுபவித்தவர் கேட்கிற வாதம். வாடகைதாரர் உங்கள் அனுமதியோடு வந்தவர். ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வந்த வாடகையும் அதற்குச் சாட்சி. பயப்பட வேண்டியது ஊரில் பூட்டிப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்காத வீட்டுக்கும், வேலி போடாத மனைக்கும்தான்.

வாடகை வருமானத்துக்கு வரி எப்படி?

வருட வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். ரசீது எதுவும் வேண்டாம். மேலே சொன்ன வீட்டுக்கு 1,92,000 கழித்தல் 6,000, அதில் 30 சதவீதம் போக 1,30,200. இதிலிருந்து வீட்டுக் கடன் வட்டி கழியும். 45 லட்சம் கடனுக்கு முதல் வருட வட்டியே சுமார் 3.8 லட்சம், ஆக இரண்டரை லட்சம் நஷ்டக் கணக்கு. பழைய வரி முறையில் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்து, மீதியை எட்டு வருடம் வரை தள்ளி எடுத்துப் போகலாம். புதிய முறையில் வாடகை அளவுக்கு வட்டி கழியும், சம்பளத்தைத் தொட முடியாது. லோன் போட்டால் வரி மிச்சம் என்று சொல்கிறவர் எந்த முறையை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

காட்டாமல் விட்டுவிடலாம் என்று யோசிக்காதீர்கள். உங்கள் வாடகைதாரர் ஆபீஸில் ஹெச்.ஆர்.ஏ. என்கிற வீட்டு வாடகைப்படிக்கு வரிச்சலுகை கேட்கும்போது வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் அவர் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். நீங்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் என்.ஆர்.ஐ. என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் அவர் பிடிக்க வேண்டும். பாதிப் பேருக்கு இது தெரியாது, தெரியாத வாடகைதாரருக்குத்தான் நோட்டீஸ் போகும், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சொத்து வரியில் ஏதாவது சலுகை உண்டா?

சென்னை மாநகராட்சியில் அரையாண்டின் முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் குறையும். அதிகபட்சம் 5,000 ரூபாய்.

காலி செய்கிற நாளில் என்ன செய்ய வேண்டும்?

சாமான் வண்டியில் ஏறிய பிறகு, காலி வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து நடங்கள். ஒரு கையில் பழைய வீடியோ. ஆணி அடித்த ஓட்டைக்கு நான் காசு பிடிப்பதில்லை, மனுஷன் காலண்டர் மாட்டாமல் இருக்க முடியுமா? குழந்தை கிரேயானில் வரைந்த சுவரும் அப்படித்தான், எப்படியும் வெள்ளையடிக்கப் போகிறோம். உடைந்த வாஷ்பேசினுக்குப் பிடிப்பேன், பிளம்பர் சொன்ன தொகையை அவர் எதிரிலேயே போனில் கேட்டு. எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், ஃபிளஷ் இழுத்துப் பாருங்கள். சென்ற முறை சின்க்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா மட்டும் அநாதையாக இருந்தது. எடுத்தால் பைப் ஒழுகுகிறது. பாவம், ஒரு வருடமாகச் சொல்லாமல் டப்பாவை மாற்றி மாற்றி வைத்திருக்கிறார், வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்று. அது என் செலவுதான் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஈ.பி. ரீடிங்கைப் படம் எடுத்து, கடைசி பில்லுக்காக 2,000 ரூபாய் மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை அங்கேயே அனுப்பிவிடுவேன். பில் வந்ததும் மீதி போகும். கணக்கை ஒரு தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்து. கொடுத்த சாவி மூன்று, திரும்பி வருவது எப்போதும் இரண்டு. மூன்றாவதைத் தேட வேண்டாம், பூட்டையே மாற்றிவிட்டு டு-லெட் போர்டை மாட்டுங்கள்.